பெரும்பாடு: மருத்துவரிடம் எப்படிச் சொன்னால் காதில் ஏறும்?

பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 39. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை. எட்டு மாதமாக ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு நாள், பதினான்கு நாள் உதிரம் போகிறது, கட்டி கட்டியாகப் போகிறது. மூன்று மருத்துவர்களைப் பார்த்துவிட்டார். ஒருவர் "இந்த வயதில் அப்படித்தான் இருக்கும்" என்றார். இன்னொருவர் சத்து மாத்திரை எழுதினார். மூன்றாமவர் ஸ்கேன்கூட எடுக்காமல் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார். "நான் சொல்வதை யாரும் நம்புவதாகத் தெரியவில்லை. எப்படிச் சொன்னால் கேட்பார்கள்?" என்பது அவருடைய கேள்வி.

இருபத்தொன்பது ஆண்டுகள் வேலூர் மாவட்டத்தில் பெண்கள் பிரிவில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நோயைக் கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை இல்லை. ஆனால் மருத்துவரின் மேசைக்குப் பக்கத்தில் நின்று, எந்தப் பெண் சொன்னது அவர் காதில் ஏறியது, எந்தப் பெண் சொன்னது ஏறவில்லை என்று அத்தனை ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு அவசரம். மணிக்கு ஒரு நாப்கின் முழுவதும் நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால், அல்லது எழுந்து நின்றால் கண் இருட்டினால், படுத்திருக்கும்போதே நெஞ்சு படபடத்தால், மூச்சு வாங்கினால், காலையில் ஓ.பி.க்குப் போகலாம் என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இரவானாலும் 108-ஐ அழையுங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் இன்னும் வேகமாகப் போக வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் பெண்கள் இந்தத் துன்பத்தைச் சொல்லும் சொற்களே அதைச் சின்னதாக்கிவிடுகின்றன. "தூரம்" என்கிறோம், "வீட்டுக்கு விலக்கு" என்கிறோம், "அந்த மூன்று நாள்" என்கிறோம். பதினான்கு நாள் உதிரம் போகிற பெண் மருத்துவர் முன்னால் உட்கார்ந்து, "அந்த மூன்று நாள் சமயத்தில் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது டாக்டர்" என்று சொல்வதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மருத்துவர் என்ன எழுதுவார்? மூன்று நாள், கொஞ்சம் கஷ்டம். எதிரில் இருப்பவர் ஆண் மருத்துவராக இருந்தால் அந்தக் கொஞ்சமும் பாதியாகிவிடும். வெளியே வந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "கட்டி கட்டியாகப் போகிறது சிஸ்டர், ராத்திரி பாய் எல்லாம் நனைந்துவிடுகிறது" என்பார்கள். அதை உள்ளே சொல்லியிருக்க வேண்டும். நம் பாட்டிமார் இதற்கு வைத்திருந்த பெயர் பெரும்பாடு. சித்த மருத்துவத்திலும் அதுதான் பெயர். அந்தச் சொல்லில் வெட்கமும் இல்லை, சுருக்கமும் இல்லை.

மருத்துவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனையில் ஒரு காலைப்பொழுதில் நூறு சீட்டுக்கு மேல் பார்க்கிற மருத்துவர், "அதிகமாகப் போகிறது" என்ற வார்த்தையை அன்றைக்கே முப்பது பேரிடம் கேட்டிருப்பார். அந்த வார்த்தைக்கு எடை போய்விட்டது. கெட்ட மனிதர் என்பதால் அவர் தட்டிக்கழிப்பதில்லை. முப்பது பேரில் யாருக்கு ஆபத்து என்று அந்த வார்த்தையை வைத்து அவரால் பிரித்தறிய முடியாது. எண்ணிக்கை இருந்தால் முடியும். அதனால் கணக்கோடு போங்கள்.

கணக்கு எப்படி வைப்பது? ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தொடங்கிய தேதி, நின்ற தேதி. நாளுக்கு எத்தனை நாப்கின், ஒவ்வொன்றும் எவ்வளவு நனைந்தது. இதற்கு மதிப்பெண் போடும் முறை ஒன்று 1990-இல் பிரிட்டனில் வெளியானது, இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். லேசாகக் கறை பட்ட நாப்கினுக்கு 1, பாதியளவு நனைந்ததற்கு 5, முழுவதும் நனைந்ததற்கு 20. சிறிய கட்டிக்கு 1, பெரிய கட்டிக்கு 5. ஒரு மாதவிலக்கு முழுவதையும் கூட்டினால் 100-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் ஏறத்தாழ 80 மில்லிலிட்டருக்கு மேல் போகிறது என்று பொருள். நம் டீக்கடையின் சிறிய கண்ணாடி டம்ளர் ஒன்று நிறைகிற அளவு. படிக்கும்போது சின்னதாகத் தெரியும். மாதாமாதம் அவ்வளவு போனால், சாப்பாட்டில் கிடைக்கும் இரும்புச்சத்து அந்தக் கடனை அடைக்காது. துணி பயன்படுத்துகிறவர்கள் எத்தனை முறை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டி விழுந்தால் அதையும் எழுதுங்கள். எட்டு நாளுக்கு மேல் நீடிப்பதே இயல்பு இல்லை என்பதுதான் இன்றைய மருத்துவ அளவுகோல். உங்களுக்குப் பதினான்கு.

நாப்கின் கணக்கோடு, அது உங்களிடமிருந்து எதைப் பறித்தது என்றும் எழுதுங்கள். வேலைக்குப் போகாத நாள் எத்தனை, சம்பளம் எவ்வளவு போயிற்று. பஸ்ஸில் உட்காரப் பயந்து நின்றுகொண்டே வந்தது. இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள். தண்ணீர்க் குடத்தோடு படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா. இன்று உலகின் பல நாடுகளில் பெரும்பாட்டை முடிவு செய்வதே இதை வைத்துத்தான்: எத்தனை மில்லிலிட்டர் என்று அளந்து பார்ப்பதில்லை, அந்தப் பெண்ணின் அன்றாட வாழ்க்கையை அது குலைக்கிறதா என்றே கேட்கிறார்கள். ஆகவே இதைச் சொல்வது புலம்பல் ஆகாது. மருத்துவருக்குத் தேவையான தகவல்.

உள்ளே போனதும் முதல் அரை நிமிடத்தில் இதைச் சொல்லிவிடுங்கள். வீட்டிலேயே இரண்டு முறை சொல்லிப் பாருங்கள்: "வயது 39. எட்டு மாதமாக ஒவ்வொரு முறையும் 12 முதல் 14 நாள் போகிறது. அதில் நான்கு நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்றுகிறேன். போன மாதம் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்." இவ்வளவுதான். தலைவலி, முதுகுவலி, முடி உதிர்வது எல்லாம் பிறகு. எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னால் மருத்துவர் முதலில் தலைவலியைப் பிடித்துக்கொள்வார், நேரம் அதிலேயே போய்விடும்.

அடுத்து, கேட்கிற கேள்வி. "இது எதனால் வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், டாக்டர்?" மரியாதையான கேள்விதான், ஆனால் இதற்கு "வயது" என்று பதில் சொல்லிவிட முடியாது. வயது ஒரு காரணம் இல்லை. மகப்பேறு மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 2011-இல் காரணங்களை ஒன்பது வகையாகப் பிரித்தது. கர்ப்பப்பைக்குள் வளரும் சதை, கர்ப்பப்பைச் சுவர் தடித்துப்போவது, நார்த்திசுக் கட்டி, புற்றுநோயும் அதற்கு முந்தைய மாற்றங்களும் என நான்கு வகை, ஸ்கேனிலோ திசுவை எடுத்துப் பார்த்தோ கண்டுபிடிக்கக்கூடியவை. மற்ற ஐந்து அப்படிக் கண்ணுக்குத் தெரிபவை அல்ல: இரத்தம் உறைவதில் குறை, கருமுட்டை ஒழுங்காக வெளிவராதது, கர்ப்பப்பை உட்சவ்வின் கோளாறு, நாம் சாப்பிடும் மருந்து அல்லது பொருத்திய காப்பர்-டி, இன்னும் வகைப்படுத்தப்படாதவை. ஸ்கேன் சரியாக இருக்கிறது, ஆகவே உங்களுக்கு ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் இந்த ஐந்தும் இன்னும் பாக்கி இருக்கின்றன என்று நினைவில் வையுங்கள்.

பரிசோதனை என்று பார்த்தால், முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்கள்கூட முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுங்கள். பிறகு இரத்த அணுக்களின் முழுக் கணக்கு, தைராய்டு, ஸ்கேன். வயிற்றுக்கு மேலே பார்ப்பதைவிடப் பிறப்புறுப்பின் வழியாகப் பார்க்கும் ஸ்கேனில் உட்சவ்வு தெளிவாகத் தெரியும். திருமணமாகாதவர்களுக்கு வயிற்றின் மேலே வைத்துப் பார்ப்பார்கள். வயது 45-ஐத் தாண்டியிருந்தால் உட்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்து பயாப்சிக்கு அனுப்ப வேண்டும். உடல் பருமன், நீர்க்கட்டி, மருந்து கொடுத்தும் நிற்காத போக்கு இவற்றில் ஏதாவது இருந்தால் 45-க்குக் கீழேயும் அது தேவைப்படும். மாதவிலக்கு நின்று ஓராண்டு கழித்து ஒரு துளி பட்டாலும் அதை விடக்கூடாது.

உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பெண்கள் அதிகம் ஏமாந்துபோவது இங்கேதான். ஹீமோகுளோபின் 12 இருந்தால், "இரத்தம் நன்றாக இருக்கிறது" என்று அனுப்பிவிடுவார்கள். ஹீமோகுளோபின் கையில் இருக்கும் காசு மாதிரி. ஃபெரிட்டின் பெட்டியில் இருக்கும் சேமிப்பு. உடம்பு முதலில் பெட்டியைக் காலி செய்துதான் கையில் காசைக் காட்டும். ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 30-க்குக் கீழே இருந்தாலே பல மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறார்கள். களைப்பு, முடி உதிர்வது, பல்பம், மண், பச்சரிசி தின்ன ஆசை, இவையெல்லாம் ஹீமோகுளோபின் விழுவதற்கு முன்பே வரலாம். காய்ச்சல் இருக்கும் நேரத்தில் எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும், அதனால் காய்ச்சல் விட்ட பிறகு எடுங்கள். தமிழ்நாட்டில் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. இத்தனை பேருக்கு இருப்பதாலேயே அது இயல்பு போலத் தோன்றிவிட்டது. மருத்துவர்களுக்கும் அப்படித் தோன்றிவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் அக்கா ஆற்காடு பக்கம் இருந்தார். 46 வயதில் இதே போல் தொடங்கியது. ஒரு தனியார் கிளினிக்கில், "நிற்கப்போகிற வயது, அப்படித்தான் கொட்டித் தீர்க்கும்" என்றார்கள். என்னிடம் கேட்டார். நானும் அதையே சொன்னேன். பெண்கள் பிரிவில் வேலை பார்த்தவள், சொந்த அக்காவிடம் எத்தனை நாப்கின் என்று கேட்கவில்லை. பதினான்கு மாதம் கழித்துக் கோயில் படியில் மயங்கி விழுந்தபோது ஹீமோகுளோபின் 5.2. இரண்டு யூனிட் இரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பைக்குள் எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய ஒரு நார்த்திசுக் கட்டி, உட்புறமாகத் துருத்திக்கொண்டிருந்தது. வயிற்றைக் கீறாமல் உள்வழியாகவே அதை அகற்றினார்கள். அடுத்த மாதத்திலிருந்து ஐந்தே நாள். கட்டி எவ்வளவு பெரிது என்பதைவிட அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதே முக்கியம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. உங்கள் ஸ்கேன் சீட்டில் கட்டி என்று எழுதியிருந்தால், "உட்புறமா, சுவருக்குள்ளா, வெளிப்புறமா?" என்று கேளுங்கள்.

நம் ஊருக்கே உரிய இரண்டு விஷயங்களை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒன்று, தள்ளிப்போடும் மாத்திரை. குடியாத்தம் கங்கையம்மன் சிரசுத் திருவிழா வந்தால் மெடிக்கல் கடையில் நாள் தள்ளிப்போக மாத்திரை வாங்கிப் போடாத பெண்கள் குறைவு. அது ஹார்மோன் மாத்திரை. நிறுத்தியதும் போக்கு வரும், சிலருக்கு அதிகமாகவே வரும். எந்த மாதம், எத்தனை நாள் போட்டீர்கள் என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று, உறவில் திருமணம். மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டுகிற வழக்கம் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. இரத்தம் உறைவதில் உள்ள சில அரிய பிறவிக் குறைகள் அப்படிப்பட்ட குடும்பங்களில் கூடுதலாக வரும். வயதுக்கு வந்த நாளிலிருந்தே அதிகமாகப் போகிறதா? பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்காமல் வந்ததா? பிரசவத்தில் இரத்தம் ஏற்றினார்களா? அடிபடாமலே உடம்பில் நீலத் திட்டு வருகிறதா? அம்மாவுக்கோ சித்திக்கோ இப்படி இருந்ததா? இதில் இரண்டு மூன்றுக்கு ஆம் என்றால் இரத்தவியல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதற்குத் தொலைதூரம் அலைய வேண்டாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் இரத்தவியல் பிரிவுக்கு நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். காரணம் தெரியும்வரை வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபென் போட வேண்டாம். வீட்டில் பதின்மூன்று வயதுப் பெண் முதல் மாதவிலக்கிலேயே பத்து நாள் நனைந்தால், "போகப் போகச் சரியாகிவிடும்" என்று விடாமல் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது மருத்துவர் சொன்னதைப் பற்றி உறுதியாகவே சொல்கிறேன். காரணம் கண்டுபிடிக்காமல், ஸ்கேனும் எடுக்காமல், மருந்தும் கொடுத்துப் பார்க்காமல் 39 வயதில் கர்ப்பப்பையை எடுக்கச் சம்மதிக்காதீர்கள். தேவையில்லாமல் கர்ப்பப்பையை அகற்றுவதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. எல்லா மாநிலங்களும் அதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன் முயன்று பார்க்க வேண்டிய வழிகள் பல உள்ளன. போக்கு உள்ள நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை இருக்கிறது, காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி வந்தவர்களுக்கு அது ஆகாது. ஹார்மோன் மாத்திரைகள் இருக்கின்றன. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது. பார்க்கக் காப்பர்-டி போல இருந்தாலும் வேலை நேர்மாறானது. காப்பர்-டி சிலருக்குப் போக்கைக் கூட்டும், இது பெரிதும் குறைக்கும். முதல் மூன்று முதல் ஆறு மாதம் விட்டுவிட்டுக் கறை படும். அதைச் சொல்லாமல் வைத்துவிடுவதால் பலர் இரண்டே மாதத்தில் எடுத்துவிடுகிறார்கள்.

அறுவை சிகிச்சையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெரிய கட்டிகள், புற்றுநோய், எந்த மருந்துக்கும் நிற்காத போக்கு என்றால் அதுவே விடுதலை. அப்படி எடுத்து நிம்மதியாக இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். ஆனால் கையெழுத்துப் போடுமுன், "சினைப்பையையும் சேர்த்து எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். நாற்பதுக்கு முன்னால் சினைப்பைகள் இரண்டும் போனால் எலும்பும் இதயமும் சீக்கிரமே பலவீனப்படும். காப்பீட்டு அட்டையில் பணம் கட்ட வேண்டாம் என்பதற்காக மட்டும் யாரும் மேசையில் ஏறிவிடக் கூடாது.

மருத்துவர் கேட்கவே இல்லை என்றால்? சண்டை வேண்டாம். "இந்தப் பரிசோதனை இப்போது வேண்டாம் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள் டாக்டர், வீட்டில் கேட்பார்கள்" என்று பணிவாகச் சொல்லுங்கள். எழுத வேண்டும் என்று வந்ததும் பலர் ஒருமுறை நிறுத்தி யோசிப்பார்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஸ்கேன் சீட்டைக் கையில் எடுத்த மருத்துவரை நானே பார்த்திருக்கிறேன். பழைய சீட்டு, ஸ்கேன், இரத்த அறிக்கை எல்லாவற்றையும் ஒரே பையில் தேதி வாரியாக வைத்திருங்கள். உங்கள் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு விதி. இரண்டாவது கருத்து கேட்பது துரோகம் இல்லை. ஆண் மருத்துவர் உடலைப் பரிசோதிக்கும்போது உடன் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை. அக்காவையோ நாத்தனாரையோ கூட்டிப் போங்கள். நீங்கள் சொல்ல மறந்ததை அவர் எடுத்துக் கொடுப்பார். கணவர் வந்தாலும் நல்லதுதான், ஆனால் நீங்கள் சொல்ல வேண்டியதை அவர் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்குமானால் அதை விட்டுவிடாதீர்கள். சிகிச்சை மட்டுமில்லை, மருத்துவச் சான்றோடு விடுப்பு எடுத்தால், போதுமான நாட்களுக்குப் பிடித்தம் கட்டியிருக்கும்பட்சத்தில், சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும். வேலூருக்கு வரலாம் என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறு, பெண்கள் நலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே சீட்டுப் போட்டுவிடுங்கள்.

காரணம் தெரியும்வரை இரும்பு மாத்திரையை விட வேண்டாம். ஆனால் ஒரு சேதி. ஷூ கம்பெனியில் இடைவேளைக்கு இடைவேளை டீ என்பது எனக்குத் தெரியும். மாத்திரை போட்டு அரை மணியில் டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாமா என்று கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பெண்கள் பெரும்பாலும் போக்கு நின்ற பிறகு, தலைக்குக் குளித்துச் சுத்தமாக மருத்துவரிடம் வருகிறார்கள். வந்து உட்காரும்போது ஒன்றுமே இல்லாதது போல இருக்கும், மருத்துவரும் நம்பமாட்டார். போகிற நாளிலேயே வாருங்கள். ஸ்கேன் எடுக்கலாம், பரிசோதிக்கலாம், தடை எதுவும் இல்லை. படுக்கை நனைந்துவிடுமே என்று தயங்க வேண்டாம். விரிப்பு மாற்றுவது எங்கள் வேலை. இருபத்தொன்பது ஆண்டுகள் மாற்றியிருக்கிறேன், அதற்காக ஒரு பெண்ணின் மேலும் எனக்கு முகம் கோணியதில்லை.